விலையேறும் பட்டாளம்

லண்டனில் பொம்மை செய்துவந்த வில்லியம் பிரிட்டன் குடும்பம் 1893-இல் கண்டுபிடித்த வேலைமுறை கேட்பதற்கு எளிமையானது. ஈயக் கலவையை உருக்கி அச்சில் ஊற்ற வேண்டும். அச்சின் சுவரை ஒட்டிய உலோகம் இறுகத் தொடங்கியதும் அச்சைக் கவிழ்த்து, நடுவில் குழம்பாக இருப்பதை வெளியே கொட்டிவிட வேண்டும். அச்சைத் திறந்தால் மெல்லிய தோல் மட்டும் கொண்ட ஒரு போர்வீரன் நிற்பான், உள்ளே வெற்றிடம். ஈயச் செலவு குறைந்தது, எடை குறைந்தது, அனுப்பும் கூலியும் குறைந்தது. அதுவரை சந்தையைப் பிடித்துவைத்திருந்த ஜெர்மானியக் கெட்டி வார்ப்புகளால் இந்த விலையோடு மோத முடியவில்லை. சிவப்பு அட்டைப் பெட்டியில் எட்டுக் காலாட்கள், அல்லது ஐந்து குதிரை வீரர்கள். விலை ஒரு ஷில்லிங்.

அதற்கு முன்பு பொம்மைப் படை சீமான் வீட்டுப் பிள்ளைகளின் செல்வம். சிறுவன் வின்ஸ்டன் சர்ச்சிலிடம் சுமார் 1,500 பொம்மை வீரர்கள் இருந்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். அப்படி ஒரு படை வைத்துக்கொள்ள அப்படி ஒரு மாளிகையும் வேண்டியிருந்தது. ஒரு ஷில்லிங் பெட்டி வந்த பிறகு குமாஸ்தா வீட்டுப் பையனும் ஒரு படைப்பிரிவுக்குத் தளபதி ஆனான். எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் வீட்டுத் தரையில் பொம்மை வீரர்களை வைத்துப் போர் விளையாடுவதற்கான விதிகளைத் தனி நூலாகவே வெளியிட்டார். ராணுவச் சிற்றுருவங்களைச் சேகரிப்பது உலகம் முழுக்கப் பரவியதற்கு அடிப்படை அந்த விலைச் சரிவு. இன்று அதே பொழுதுபோக்கு விலையேற்றத்தில் மூச்சுத் திணறுவதைப் பார்க்கும்போது இந்தத் தொடக்கத்தை மறக்கக் கூடாது.

அந்தப் பெட்டிகளில் ஒன்று நமக்கு நெருக்கமானது. பிரிட்டன் நிறுவனம் 1890-களிலேயே இந்தியப் படைகளை வார்க்கத் தொடங்கியது. வங்காளத்துக் குதிரைப்படை, பம்பாய் ஈட்டி வீரர்கள் ஆகியோருடன் மதராஸ் காலாட்படையும் பட்டியலில் இடம்பிடித்தது. தலைப்பாகை, சிவப்பு மேலாடை, கையில் துப்பாக்கி, பழுப்பு நிற முகம். தஞ்சாவூர், திருச்சி, மதுரைப் பக்கத்துத் தமிழர்களும் தெலுங்கரும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் கலந்து சேவகம் செய்த படை அது. அந்த மனிதர்களின் முகத்துக்கு லண்டன் பட்டறைப் பெண்கள் தூரிகையால் நிறம் கொடுத்தார்கள். அந்தப் பெட்டி இன்று நல்ல நிலையில், மூல அட்டையோடு ஏலத்துக்கு வந்தால் நூற்றுக்கணக்கான பவுண்டுகளுக்குப் போகிறது.

பாக் நீரிணைக் கரையில் உள்ள மீமிசலில் இருந்து அந்தப் பெட்டியை எட்டிப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் முதல் பாதி. மீமிசலைச் சுற்றி அதே சிப்பாய் வேறொரு உருவில் மண்ணில் நிற்கிறான் என்பது இரண்டாம் பாதி.

பார்சலில் வரும் படை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கடந்து தொண்டி நோக்கிப் போகும் வழியில் இருக்கிறது மீமிசல். பாக் நீரிணைக் கரை. மீன், இறால், உப்பு. அதோடு சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்கள் அனுப்பும் பணம். இந்தக் கரையோரத்து வீடுகளில் ஒரு தலைமுறைக் குழந்தைகளுக்கு நல்ல பொம்மை என்றால் அது கப்பலிலோ விமானத்திலோ வந்திறங்கிய மாமாவின் பெட்டிக்குள் இருந்து வந்தது. திருவிழாக் கடையில் கிடைத்தது உறையில் அடைத்த பச்சை பிளாஸ்டிக் பட்டாளம். இரண்டுக்கும் நடுவில் எதுவும் இல்லை.

இப்போதும் அதே நிலைதான். இங்கிருந்து ஒருவர் தரமான உலோகச் சிற்றுருவம் வாங்க நினைத்தால் கடை என்று ஒன்று கிடையாது. இணையத்தில் பார்த்து, வெளிநாட்டில் இருந்து பார்சலில் வரவழைக்க வேண்டும். ஹாங்காங்கில் இயங்கும் கிங் அண்ட் கன்ட்ரி போன்ற நிறுவனங்களின் ஒற்றைக் காலாள் இன்று 40 டாலருக்குக் குறைவாகக் கிடைப்பது அரிது. குதிரை வீரன் என்றால் இரண்டு மூன்று மடங்கு.

அந்த 40 டாலரை ரூபாயில் போட்டுப் பார்க்கலாம். 2010-இல் ஒரு டாலர் 45 ரூபாயை ஒட்டி இருந்தது, 1,800 ரூபாய். 2025 டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியது, 3,600 ரூபாய். செய்தவர் ஒரு சென்ட் கூட விலையை ஏற்றாமல் இருந்திருந்தாலும் வாங்குபவருக்கு விலை இரட்டிப்பாகியிருக்கும். ஆனால் செய்தவரும் ஏற்றினார், ஏற்ற வேண்டியிருந்தது. நல்ல சிற்றுருவங்கள் வெள்ளீயம் அதிகம் கலந்த உலோகத்தில் வார்க்கப்படுகின்றன. மின்னணுப் பொருள்களைப் பற்றவைக்க உலகமே தேடும் அதே வெள்ளீயம் 2022 மார்ச்சில் லண்டன் உலோகச் சந்தையில் டன்னுக்கு 50,000 டாலர் வரை போனது. வார்ப்பும் வண்ணமும் சீனத் தொழிலாளர்களின் கையில் இருக்கின்றன. அவர்களின் கூலி இருபது ஆண்டுகளில் வெகுவாக உயர்ந்துவிட்டது. அது நியாயமான உயர்வு. ஒரு கண்மணியைப் புள்ளியாக வைக்கும் கைக்குக் கூலி கொடுக்காமல் அழகான முகம் கிடைக்காது.

பிறகு வரி. இந்திய அரசு பொம்மைகள் மீதான அடிப்படைச் சுங்க வரியை 2020-இல் 20 சதவீதத்தில் இருந்து 60 ஆக்கியது. 2023-இல் 70 ஆக்கியது. உள்நாட்டுத் தொழிலை வளர்ப்பது நோக்கம். அந்த நோக்கத்தோடு சண்டை இல்லை. ஆனால் சுங்கப் பட்டியலில் குழந்தை விளையாடும் பொம்மைக் காரும், வரலாற்று ஆராய்ச்சியோடு செய்யப்பட்ட அளவுமாதிரிகளும் ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். சட்டம் 14 வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடும் பொருள்களைத்தான் குறிக்கிறது. என்றாலும், வருடத்துக்குச் சில டஜன் உருவங்களை மட்டும் விற்கக்கூடிய சிறு வணிகர் அதைச் சுங்க அதிகாரிக்கு விளக்கிக்கொண்டிருக்கத் துணிய மாட்டார். அவர் அந்தச் சரக்கையே விட்டுவிடுவார்.

அமெரிக்காவிலும் இதே நெருக்கடிதான். 2025 ஏப்ரலில் சீனப் பொருள்கள் மீதான அமெரிக்க வரி 145 சதவீதம் வரை ஏறி, மே மாதத்தில் இறங்கியது. 800 டாலர் வரையிலான பார்சலுக்கு இருந்த வரிவிலக்கு சீனாவுக்கு மே 2-ஆம் தேதியும் மற்ற நாடுகளுக்கு ஆகஸ்ட் 29-ஆம் தேதியும் முடிந்தது. சின்னச் சின்னப் பார்சல்களிலேயே உயிர்வாழும் பொழுதுபோக்கு இது. அந்த ஒரு விலக்கு போனது, ஒரு பெரிய நிறுவனம் மூடப்பட்டதைவிடப் பெரிய அடி.

ராணிப்பேட்டை நினைவு

தமிழ்நாட்டுக்கு இந்தச் சந்தையில் சொந்தமாக ஒரு அத்தியாயம் உண்டு. அதைப் பலர் சேகரிப்பு என்றே எண்ணியதில்லை.

எம்.ஆர்.எஃப். குழுமத்தின் ஃபன்ஸ்கூல் 1987-இல் தொடங்கப்பட்டது. தலைமையகம் சென்னை; தொழிற்சாலைகள் கோவாவிலும் ராணிப்பேட்டையிலும். அமெரிக்க ஹாஸ்ப்ரோ நிறுவனத்தின் உரிமம் பெற்று அது விற்ற ஜி.ஐ. ஜோ போர்வீரர் உருவங்கள் 1990-களில் வளர்ந்த நகரத்துப் பிள்ளைகளின் கனவு. மூன்றே முக்கால் அங்குல உயரம். முழங்காலும் முழங்கையும் மடங்கும். இடுப்புக்குள் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் மேல் உடலையும் கால்களையும் இழுத்துப் பிடித்திருக்கும்.

அமெரிக்காவில் கைவிடப்பட்ட உருவங்கள் இந்தியாவில் தொடர்ந்து வந்தன. நிறங்கள் மாறின, ஒரு வீரனின் தலை இன்னொரு வீரனின் உடலோடு சேர்ந்தது, அட்டையில் அச்சான படமும் வேறு. அன்று அது குறையாகத் தெரிந்தது. இன்று அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் துரத்துவது அந்த மாறுபாடுகளைத்தான். அட்டை பிரிக்காத இந்திய ஜி.ஐ. ஜோவுக்குக் கடல் கடந்து ஏலம் கேட்கிறார்கள். கடையில் சில பத்து ரூபாய்க்கு வாங்கியதை அன்றே உடைத்து விளையாடிய பிள்ளைகள், நாற்பதைத் தொட்ட வயதில் அதையே தேடி இணையத்தில் அலைகிறார்கள். அந்த ரப்பர் வளையம் முப்பது வருடத்தில் இறுகி அறுந்துவிடுகிறது. புது வளையம் போட்டுத் திருகாணியை முறுக்கி உயிர் கொடுப்பது அவர்களின் ஞாயிற்றுக்கிழமை வேலை.

இந்தியாவில் இருந்து இப்படிப்பட்ட பொருள்களை அமெரிக்காவுக்கு அனுப்பிவந்தவர்களுக்கு 2025 ஆகஸ்ட் 25 முதல் அஞ்சல் வழியே அடைபட்டது. புதிய வரியை யார் வசூலிப்பது என்ற தெளிவு இல்லாததால் அமெரிக்காவுக்கான பெரும்பாலான அஞ்சல் பார்சல்களை இந்திய அஞ்சல் துறை நிறுத்திவைத்து, அக்டோபர் மத்தியில்தான் மீண்டும் தொடங்கியது. பழைய பொம்மையின் விலையைத் தீர்மானிப்பதில் வாஷிங்டனுக்கும் அறந்தாங்கி அஞ்சலகத்துக்கும் பங்கு இருக்கிறது.

எது ஏறுகிறது, எது இறங்குகிறது

எல்லாம் ஏறுகிறது என்ற பொதுப் பேச்சு உண்மை இல்லை. புதிதாகச் செய்யப்படும் உருவங்களின் விலை ஏறுகிறது. மிக அரிதான பழைய பெட்டிகளின் விலை ஏறுகிறது. நடுவில் இருக்கும் பெருங்கூட்டம், அதாவது இரண்டாம் உலகப் போருக்குப் பின் லட்சக்கணக்கில் வார்க்கப்பட்ட சாதாரண ஈய வீரர்கள், மதிப்பை இழந்துவருகிறது. அவற்றை விரும்பி வாங்கியவர்கள் 1950-களின் சிறுவர்கள். அவர்கள் ஒவ்வொருவராக விடைபெறும்போது தொகுப்புகள் சந்தைக்கு வருகின்றன; பேரப்பிள்ளைகளுக்கு அவற்றோடு எந்த நினைவும் இல்லை.

பெரிய தொகுப்புகளின் கதியும் இதைத்தான் சொல்கிறது. அமெரிக்கப் பதிப்பாளர் மால்கம் ஃபோர்ப்ஸ் மொராக்கோவின் டாஞ்சியர் நகரில் ஒரு மாளிகையையே ராணுவச் சிற்றுருவ அருங்காட்சியகமாக ஆக்கியிருந்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் அங்கே அணிவகுத்தார்கள். 1990-இல் அவர் இறந்தார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அருங்காட்சியகம் மூடப்பட்டு, வீரர்கள் ஏல அரங்குக்குப் போய் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குச் சிதறினார்கள்.

ஈயத்துக்கு இன்னொரு எதிரி காற்று. சில மரங்களில் இருந்து, குறிப்பாக ஓக் அலமாரிகளில் இருந்து, கசியும் அமில ஆவி பட்டால் ஈயத்தின் மேல் வெள்ளைப் பொடி பூக்கும். நாளடைவில் வீரன் உதிர்ந்துபோவான். ஈரம் அதை விரைவுபடுத்தும். உப்புக்காற்று வீசும் பாக் நீரிணைக் கரையில் ஈயத் தொகுப்பு வைத்திருப்பவர் கண்ணாடிப் பெட்டியும் ஈரமுறிஞ்சிப் பொட்டலமும் இல்லாமல் இருக்கவே கூடாது. ஈயம் நஞ்சு என்பதும் நினைவிருக்க வேண்டும். பிரிட்டன் நிறுவனமே 1966-இல் ஈய வார்ப்பை நிறுத்தி பிளாஸ்டிக்குக்கு முழுமையாக மாறியது. பழைய வீரன் குழந்தையின் கைக்குப் போகக் கூடாது.

வருங்காலத்தின் அடுத்த கதவு முப்பரிமாண அச்சு. வடிவமைப்பாளர் கணினிக் கோப்பை விற்கிறார். வாங்குபவர் வீட்டில் பிசின் அச்சு இயந்திரத்தில் வீரனை எடுத்துக்கொள்கிறார். சுங்கமும் இல்லை, பார்சலும் இல்லை. வாங்க ஆளும் இருக்கிறார்கள்: கற்பனைப் போர் உருவங்களை விற்கும் இங்கிலாந்தின் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு நிறுவனங்களின் பட்டியலுக்குள் நுழைந்தது. இளைஞர்களுக்குச் சிற்றுருவ ஆசை போய்விட்டது என்பவர்களுக்கு அதுவே பதில். ஆசை இருக்கிறது. வாட்டர்லூ வீரனிடத்தில் வேற்றுக்கிரக வீரன் நிற்கிறான், அவ்வளவே. வேலுநாச்சியாரின் படையையோ மருது சகோதரர்களின் வளரி வீரர்களையோ ஒரு தமிழ் இளைஞர் கோப்பாக வடித்து விற்கத் தடையாக எந்த வரியும் இல்லை. இந்த வாய்ப்பை இன்னும் நம்மவர்கள் கைப்பற்றாதது பெரிய இழப்பு.

அய்யனாரின் படைக்கொட்டில்

சிற்றுருவப் படை என்பது லண்டனில் பிறந்த யோசனை என்று நினைக்க வேண்டியதில்லை. பிரிட்டன் பெட்டி வருவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஆந்திரக் கரையில் பெத்தாபுரம் ஜமீனுக்காகக் கைவினைஞர்கள் ஒரு பித்தளைப் படையையே வார்த்தார்கள். அன்றைய மதராஸ் மாகாணத்தின் வேலைப்பாடு அது. ஒட்டகம், யானை, குதிரை, சிப்பாய் எல்லாம் உள்ளங்கை அளவில். அது இன்று சிதறிக் கிடக்கிறது. சில உருவங்கள் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

புதுக்கோட்டைச் சீமையின் படை அதைவிடப் பெரியது. அது எங்கும் பூட்டிவைக்கப்படவில்லை. மீமிசலில் இருந்து ஆவுடையார்கோவில், அறந்தாங்கி என்று உள்ளே போகப் போக, கண்மாய்க் கரைகளில் அய்யனார் கோயில்கள் வருகின்றன. மரநிழலில் வரிசையாகச் சுடுமண் குதிரைகள், யானைகள், வாளேந்திய வீரர்கள். ஊர் எல்லையை இரவில் சுற்றிவரும் அய்யனாருக்கும் கருப்பருக்கும் வாகனமும் சேனையும் இவைதான். பொன்னமராவதி சாலையில் உள்ள நமுனசமுத்திரத்திலும், இளங்குடிப்பட்டியிலும் வழிநெடுகக் குதிரைகள் நிற்பதை மாவட்டத்துக்கு வரும் வெளிநாட்டவர்கூடத் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். கீரமங்கலத்தை அடுத்த குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனாரின் குதிரை முப்பதடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. மாசி மகத்தன்று அதற்குக் காகிதப்பூ மாலைகள் ஆயிரக்கணக்கில் விழுகின்றன.

தமிழகத்துக் கிராமக் கோயில் வாசல்களில் துப்பாக்கி ஏந்திய சிப்பாய்க் காவலர்களும், தொப்பி வைத்துக் குதிரையேறிய துரைமார்களும்கூட உண்டு. வெள்ளைக்காரனின் படை அதிகாரத்தைக் கண்ட ஊர்க்காரர்கள் அந்த அதிகாரத்தையும் தம் தெய்வத்தின் சேவகத்தில் சேர்த்துக்கொண்டார்கள். லண்டன் பட்டறை ஈயத்தில் வார்த்த மதராஸ் சிப்பாயைத் தமிழ்நாட்டுக் கைவினைஞர் மண்ணிலும் சுதையிலும் வடித்தார். ஒருவர் விற்பதற்காகச் செய்தார், மற்றவர் நேர்த்திக்கடனுக்காகச் செய்தார். முதலாவது ஏல அரங்கில் நிற்கிறது. இரண்டாவது மழையில் கரைகிறது.

கரைவதும் மரபின் விதிதான். மண் குதிரைகளைக் கோயிலுக்குச் சுமந்து செல்லும் புரவியெடுப்புக்கு ஊர் கூடி முடிவு செய்ததும், பிடிமண் என்னும் ஒரு பிடி மண்ணை எடுத்துக் குயவரான வேளாரிடம் கொடுப்பார்கள். வேளார் கண்மாய்க் களிமண்ணோடு மணலும் வைக்கோலும் உமியும் கலந்து மிதித்துப் பதப்படுத்துவார். கால்கள் தனித்தனி உருளைகளாக எழும். அவை கொஞ்சம் இறுகிய பிறகு வயிறு, மார்பு, கடைசியாகத் தலை. உள்ளே கூடாக இருக்க வேண்டும், காற்றுப் போகத் துளை வேண்டும். இல்லையென்றால் சூளையில் வெடித்துவிடும். 1893-இல் லண்டன் காப்பாற்றிய ரகசியம், இந்த மண்ணில் தலைமுறைகளாக எல்லோருக்கும் தெரிந்த வேலைமுறை. சுட்டபின் சுண்ணாம்பு பூசி, வண்ணம் தீட்டி, கண் திறந்து, தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். அதன்பின் குதிரையைப் பழுதுபார்ப்பதில்லை. வெயிலும் மழையும் அதை எடுத்துக்கொள்ளும். அடுத்த புரவியெடுப்பில் புதுக் குதிரை வரும்.

ஆகவே அய்யனார் கோயிலில் இருந்து ஒரு தலையை எடுத்துவந்து வரவேற்பறையில் வைப்பது சேகரிப்பு ஆகாது, திருட்டு. நூறு ஆண்டு கடந்த பொருளை அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்புவது 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி குற்றம். இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமே இல்லை. திருக்கோகர்ணத்தில் 1910-இல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் போன்ற இடங்கள் சான்றுக்குப் பாதுகாக்கட்டும். மற்றவை நின்ற இடத்திலேயே கரையட்டும்.

ஆனால் புதிதாகச் செய்யச் சொல்லி வாங்கலாமே? இங்கேதான் விலையின் மறுபக்கம் தெரிகிறது. மண் குதிரையின் விலையும் ஏறிவிட்டது என்று ஊர்களில் குறைபடுகிறார்கள். விறகு விலை ஏறிவிட்டது. மண் மிதிக்க ஆள் கிடைப்பதில்லை. பல ஆண்டுகள் கண்மாயில் களிமண் அள்ளக் கனிம விதிகளின் பெயரால் அலைக்கழிப்பு இருந்தது. 2024 ஜூலையில்தான் மண்பாண்டத் தொழிலாளர்களும் விவசாயிகளும் வட்டாட்சியரின் அனுமதியோடு இலவசமாக மண் எடுக்கும்படி தமிழக அரசு நடைமுறையை எளிதாக்கியது. வேளார் வீட்டுப் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள், போகத்தான் செய்வார்கள். சிமென்ட் குதிரை ஒரு முறை கட்டினால் போதும், திரும்பச் செய்ய வேண்டாம் என்று சில ஊர்கள் மாறிவிட்டன. சிமென்ட் வந்த ஊரில் வேளாருக்கு அடுத்த ஆர்டர் இல்லை.

ஹாங்காங் வீரனுக்கு 3,600 ரூபாயும் வரியும் கொடுக்கத் தயங்காத ஒருவர், வேளாரிடம் ஒரு முழ உயரக் குதிரைக்கு முந்நூறு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவார். இரண்டையும் கை உழைப்பின் கணக்கில் வைத்தால் மலிவாகப் போவது எது என்று தெரியும். சேகரிப்பு என்ற பழக்கம் தமிழ்நாட்டில் நிலைக்க வேண்டுமானால், முதல் உருவம் ஒரு மாணவர் வாங்கும் விலையில் இருக்க வேண்டும். நல்ல உருவம் செய்பவருக்கு வாழ்க்கை கொடுக்கும் விலையில் இருக்க வேண்டும். கையளவு வீரனும் ஆளுயரக் குதிரையும் ஒரே சூளையில் வேகும் இடம் என்பதால் இரண்டையும் ஒருசேரத் தர வேளார் பட்டறையால் முடியும். நவராத்திரி நெருங்கினால் கொலுவுக்குப் பேண்டு வாத்தியக் குழுவும் போலீஸ் அணிவகுப்பும் தேடும் குடும்பங்கள் நம்மிடம் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. மதுரை விளாச்சேரியும் பண்ருட்டியும் அந்தச் சந்தையில் வாழ்கின்றன. அய்யனாரின் சேனையை ஒரு கொலுப்படியில் ஏற்ற எந்த மரபும் தடுக்கவில்லை.

ஒன்று மட்டும் மேற்கத்தியச் சேகரிப்பாளர்களிடம் இருந்து உடனடியாகக் கற்றுக்கொள்ள வேண்டும். அவர்கள் ஒரு வீரனைக் கையில் எடுத்ததும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தலைகீழாகத் திருப்புவார்கள். பிரிட்டன் நிறுவனம் தொடக்கத்தில் அடிப்பாகத்தில் காகிதச் சீட்டு ஒட்டியது. பின்னர் பெயரையும் உரிமைத் தேதியையும் அச்சிலேயே பொறித்தது. மூலப்படைப்பையும் போலியையும் பிரிப்பது, பத்துப் பவுண்டையும் நூறு பவுண்டையும் பிரிப்பது அந்தப் பொறிப்புதான். நம் மண் வீரனின் அடியில் எதுவும் இருப்பதில்லை. கோயிலுக்குப் போவதில் பெயர் வேண்டாம் என்பது வேளாரின் பணிவு. வீட்டுக்கு வாங்குவதில் அந்தப் பணிவுக்கு அவசியமில்லை. மண் ஈரமாக இருக்கும்போது ஒரு குச்சியால் செய்தவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் கீறச் சொல்லி வாங்க வேண்டும். பத்து வருடத்தில் அந்தக் கீறல் விலையைத் தீர்மானிக்கும். அந்த விலை செய்தவரின் அடுத்த வேலைக்குப் போய்ச் சேரும்.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் இந்தக் கரையோரத்தில் மண் காயாது, சூளையும் எரியாது. கண்மாய் வற்றிக் களிமண் கிடைப்பது கோடையில். எனவே அறந்தாங்கிப் பக்கத்துப் பட்டறைகளில் சொல்லிச் செய்ய விரும்புவோர் தை அறுவடை முடிந்ததும் போய், உயரத்தைக் காட்டி, முன்பணம் கொடுத்துவிட வேண்டும். மாசியில் ஊர்க் குதிரைகளுக்கான பிடிமண் வரத் தொடங்கினால் வேளாருக்கு வேறு வேலைக்கு நேரம் இருக்காது.